லட்சம் ஓவியங்களின் வசூல் கணக்கு

தாண்டிக்குடியில் பாலமுருகன் கோயில் ஒன்று உண்டு. பழனிக்குப் போவதற்கு முன் முருகன் வந்து நின்ற இடம் அது என்றும், அங்கிருந்து ஒரே தாவலில் பழனி மலைக்குத் தாண்டிவிட்டான் என்றும் அந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதே மலைத்தொடரைச் சுற்றித்தான் இடும்பன் கதையும் நடக்கிறது. அகத்தியர் சொற்படி இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன், இளைப்பாற இறக்கிவைத்தான். மறுபடி தூக்கப் போனால் ஒன்று அசையவில்லை. அண்ணாந்து பார்த்தால் அதன்மேல் கோவணம் கட்டிய ஒரு சிறுவன்.

இந்த இரண்டு காட்சிகளையும் கேமராவால் எடுப்பது கடினம். நடிகரைக் கம்பி கட்டித் தூக்கலாம், மலையைக் கணினியில் உருவாக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பையன் மலை விட்டு மலை தாவுவதை, பார்க்கிற குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நம்பும்படி காட்டுவதற்குப் பென்சிலை மிஞ்சிய கருவி இல்லை. ஆளை வாட்டி வேலை வாங்குவதும் அந்தப் பென்சில்தான். கையால் வரைந்த கதைப் படங்கள் எப்படி ஓடின, ஏன் தோற்றன, தோற்ற பிறகும் எப்படிப் பிழைத்துக்கொண்டன என்று புரிய வேண்டுமானால் இந்த உழைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முருகனின் தாவலையே எடுத்துக்கொள்வோம். திரையில் அது இரண்டு விநாடி வருகிறது என்று வையுங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம், ஆக மொத்தம் 48. பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள் என்பதால் 24 ஓவியங்கள் வேண்டும். ஓவியர் உட்கார்ந்திருக்கும் மேசையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிறது. தாள்கள் நகராமலிருக்க ஓரத்தில் துளையிட்டு முளைகளில் மாட்டியிருக்கிறார். அவர் முதலில் வரைவது தாவலை அல்ல, பதுங்கலை. முழங்கால் மடங்குகிறது, தோள் தாழ்கிறது, கை பின்னால் போகிறது. இதற்கே ஆறேழு தாள் செலவாகும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். பாயும்போது அந்த இடைவெளி திடீரென்று பெருகும். நடுவில் ஒரு தாளில் உருவத்தையே இயல்புக்கு மீறி இழுத்து நீட்டிவிடுவார். அந்தத் தாளைத் தனியே எடுத்துப் பார்த்தால் விகாரமாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால் வேகமாகத் தெரியும். கால் தரையைத் தொட்டதும் உடல் அமுங்கி அகலும். குடுமியும் அரைஞாணும் மட்டும் ஒரு கணம் பிந்தி வந்து அடங்கும்.

இடும்பனை வரைவது இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே எடையைக் காட்டியாக வேண்டும். காகிதத்தில் உள்ள மலைக்கு எடை ஏது? மலையை விட்டுவிட்டு மனிதனை வரைவதுதான் வழி. காவடித் தண்டு வளைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, பாதம் மண்ணில் புதைகிறது, மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அசையாத மலையின் கனம் அசைகிற உடம்பின் வழியாகத்தான் பார்ப்பவருக்குப் போய்ச் சேரும். நல்ல அனிமேஷன் ஓவியர் கையில் பென்சில் பிடித்த நடிகர்.

நின்றுகொண்டிருக்கும் படங்கள் ஏன் நகர்வதாகத் தெரிகின்றன? விழித்திரையில் ஒரு படம் அழிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்களில் எழுதிவந்தார்கள். அது மட்டும் காரணமாக இருந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் தெரிய வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அருகருகே இரண்டு கோடுகளைத் தகுந்த இடைவெளி விட்டு மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவதாக மனிதர்கள் பார்க்கிறார்கள். நடுவில் எதுவுமே இல்லை, அந்த நகர்வை மூளையே உண்டாக்கிக்கொள்கிறது. 24 தாள்களில் வரைந்த தாவலில், தாளுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பதை நிரப்புவது பார்க்கிற குழந்தை. படத்தின் பாதி அதன் தலைக்குள் உருவாகிறது. வரைபடக் கதைகளின்மேல் குழந்தைகளுக்கு வரும் பிடிவாதமான பாசத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனி பணக் கணக்கு. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 பிரேம். ஒவ்வொன்றிலும் பின்னணி, முன்னால் வரும் ஆட்கள், அசையும் வாய், அசையாத உடல் எனப் பல அடுக்குகள். 1914-இல் அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட் ஒளி ஊடுருவும் தாளில் உருவங்களை வரைந்து பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரியதால், பின்னணியை ஒவ்வொரு முறையும் திரும்ப வரையும் வேலை ஒழிந்தது. ‘செல்’ என்று தொழிலில் சொல்லப்பட்ட அந்தத் தாள்தான் அடுத்த 75 ஆண்டுகள் இந்தக் கலையைத் தாங்கியது. அப்படியும் ஆள் கூலி மலைபோல் சேரும். வால்ட் டிஸ்னி ‘ஸ்நோ ஒயிட்’டை எடுத்தபோது செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலரைத் தொட்டது. ஹாலிவுட்டில் அதை டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம் என்றே பேசினார்கள். 1937 டிசம்பரில் முதல் காட்சி. முதல் ஓட்டத்திலேயே சுமார் 80 லட்சம் டாலர் வந்தது. அடுத்த படமான ‘பினோக்கியோ’ 1940-இல் வந்தபோது ஐரோப்பாவில் போர். அந்தச் சந்தை அடைபட்டதால் போட்ட பணம் திரும்பவில்லை. கைத்திறனில் ‘பினோக்கியோ’ ஒரு படி மேல் என்று இன்றுவரை ஓவியர்கள் சொல்கிறார்கள். வசூலுக்கு அது தெரியாது.

எனக்கு மிகவும் பாடமாகப் படுவது 1959-இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் கதை. ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியர் நடுக்காலத்து ஐரோப்பியச் சித்திரத் திரைகளைப் பார்த்து, ஒவ்வோர் இலையும் தனித்தனியே தெரியும்படி அதன் பின்னணிகளைத் தீட்டினார். செலவு 60 லட்சம் டாலர். படம் முதல் ஓட்டத்தில் நஷ்டம். நிறுவனம் அனிமேஷன் ஓவியர்களைப் பெருமளவில் வேலையிலிருந்து அனுப்பியது. 1961-இல் வந்த டால்மேஷியன் நாய்க்குட்டிகள் படத்தில், பென்சில் கோடுகளை மையால் கையில் நகலெடுப்பதை விட்டுவிட்டு ஜெராக்ஸ் முறையில் நேரே செல்லில் பதித்தார்கள். அந்தப் படத்தின் கோடுகள் சொரசொரப்பாகத் தெரிவது செலவைக் குறைத்ததன் விளைவு. ஒரு படத்தின் வசூல் அடுத்த படத்தின் கோட்டையே மாற்றிவிட்டது. அது மட்டுமா? 1989-இல் ‘லிட்டில் மெர்மெய்ட்’ வரும்வரை, முப்பது ஆண்டுகள், டிஸ்னி தேவதைக் கதை பக்கமே திரும்பவில்லை.

ஆனால் நஷ்டப்பட்ட அந்த இளவரசி என்ன ஆனாள்? 1970, 1979, 1986, 1995 என்று திரும்பத் திரும்பத் திரையரங்குக்கு வந்தாள். எல்லா ஓட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் 1959-இன் மிகப் பெரிய வசூல் படங்களின் வரிசையில் அவளும் இருக்கிறாள். 1944-இல் ‘ஸ்நோ ஒயிட்’டை மறுபடி வெளியிட்டபோது டிஸ்னி கண்டுகொண்ட உண்மை இதுதான்: ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக ஒரு தலைமுறைக் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்கு அது புதுப்படம்.

தாண்டிக்குடி விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் அது. பீன்ஸ் போட்டவர் சில மாதங்களில் விலை பார்த்துவிடுவார். காப்பிச் செடி வைத்தவர் மூன்று நான்கு ஆண்டு காய்ப்பில்லாமல் காத்திருப்பார், பிறகு பல பத்தாண்டு பறிப்பார். கையால் வரைந்த கதைப் படம் காப்பித் தோட்டம். அதை முதல் வார வசூலை வைத்து எடைபோடுவது, நட்ட வருடமே காய் தேடுவதாகும்.

திரும்பத் திரும்பப் பார்ப்பது குழந்தைகளின் அடம் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவில் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற குழந்தைகள் தொடரை வைத்து உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்து 1999-இல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரு பகுதியை ஒரு முறையும், சிலருக்கு அதையே ஐந்து நாள் தொடர்ந்தும் காட்டினார்கள். ஐந்து முறை பார்த்தவர்களுக்குக் கதை நன்றாகப் புரிந்தது. திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கைகாட்டுவதும் நாளுக்கு நாள் கூடியது. முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள், பிறகு ஏன் நடக்கிறது என்று பார்த்தார்கள். பாட்டியிடம் அதே கதையை மறுபடி சொல்லச் சொல்லும் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது. சிறுவர் படத்தின் உண்மையான வரவேற்பு ஐந்தாவது தடவையில்தான் தெரியும், தியேட்டர் டிக்கெட்டோ ஒரு தடவையைத்தான் எண்ணும்.

இந்தியாவில் இதற்கு ஆகச் சிறந்த சாட்சி ஒரு ஜப்பானியர் தொடங்கிய படம். யூகோ சாகோ என்ற ஆவணப்பட இயக்குநர் 1983-இல், அலகாபாத் அருகே தொல்லியலாளர் பி. பி. லால் செய்த அகழாய்வைப் படமெடுக்க வந்தார். வந்த இடத்தில் ராமாயணத்தில் மனம் தோய்ந்து, ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைப் படித்தார். மனிதர், குரங்கு, பத்துத் தலை, கடல்மேல் பாலம் எல்லாம் ஒரே உலகத்தில் உறுத்தாமல் சேர வேண்டுமானால் வரைந்தால்தான் முடியும் என்ற முடிவுக்கு வந்தார். ராமனைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. இந்திய அரசோடு கூட்டாகத் தயாரிக்கும் முயற்சி கைகூடவில்லை. கடைசியில் ஜப்பானில் வேலை நடந்தது. இந்தியாவிலிருந்து அதில் இணை இயக்குநராகச் சேர்ந்தவர் ராம் மோகன்.

ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். மேற்படிப்புக்கு 1956-இல் பம்பாய் போனவர் படிப்பை விட்டுவிட்டு ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுக்க வந்திருந்த கிளேர் வீக்ஸ், மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறந்து, டிஸ்னியில் ‘பேம்பி’யில் வேலை பார்த்தவர். அந்தப் பிரிவு 1957-இல் புத்த ஜாதகக் கதை ஒன்றை ‘ஆலமர மான்’ என்று குறும்படமாக்கியது. டிஸ்னியின் பட்டறையிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து டோக்கியோ. ஒரு கை இன்னொரு கைக்குக் கற்றுக்கொடுத்தே வளரும் தொழில் இது. ஜப்பானிய ஓவியர்களுக்கு வேட்டி எப்படிக் கட்டுவது, நடக்கும்போது அதன் மடிப்பு எப்படி விழும், பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவார்கள் என்பதையெல்லாம் இந்தியக் குழுவினர் காட்டிக்கொடுத்தார்கள். சுமார் 450 ஓவியர்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் செல்கள், 135 நிமிடம் ஓடும் படம்.

1992-இல் படம் முடிந்தது. அந்த டிசம்பரில் அயோத்தியில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ராமன் பெயரைச் சொன்னாலே நாடு பதறிய நாட்கள் அவை. 1993 ஜனவரியில் டெல்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். பொதுத் திரையரங்குகளில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஜப்பானிலேயே 1997-இல்தான் வெளியானது. கணக்குப் புத்தகத்தை அன்றைக்கே மூடியிருந்தால் அது தோல்விப் படம்.

பிறகு கார்ட்டூன் சேனலில் அதைப் போடத் தொடங்கினார்கள். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாளிலும் திரும்பத் திரும்ப வந்தது. தொண்ணூறுகளின் குழந்தைகள் பலருக்கு ராவணன் என்றால் அந்த ஓவியத்து ராவணன்தான். யூகோ சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் காலமானார்கள். 2025 ஜனவரி 24 அன்று 4கே தரத்தில் மெருகேற்றி அந்தப் படத்தை இந்தியத் திரையரங்குகளில் வெளியிட்டபோது, தமிழிலும் வந்தது. எடுத்து முடித்த 32 ஆண்டுக்குப் பிறகு ஒரு படம் புதிதாகத் தமிழ் பேசித் திரைக்கு வருகிறது என்றால், தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதைக் காப்பாற்றிவைத்தது அந்தக் குழந்தைகள்தான்.

தமிழ்ப் பார்வையாளர்கள் ஓவியத்தை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. ‘லிட்டில் மெர்மெய்ட்’ வந்த அதே 1989-இல், சில மாதம் முன்னால், ஏவிஎம் தயாரித்து எஸ். பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’ வெளியானது. ஒரு பாட்டு முழுக்க ரஜினிகாந்தும் குழந்தைகளும் வரைந்த விலங்குகளோடு ஆடினார்கள். படம் வென்றது, அந்தப் பாட்டு இன்றும் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அதற்கும் முன்னால் 1947 முதல் ‘அம்புலிமாமா’ சிறுவர் இதழ் இருந்தது. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், அதாவது கே. சி. சிவசங்கரன், சென்னையில் உட்கார்ந்து அறுபது ஆண்டுகள் அந்த உலகத்தைத் தீட்டினார். 2020-இல் 96 வயதில் மறைந்தார். அவர் வரைந்த ஒவ்வொரு பக்கமும் அசையக் காத்திருந்த ஒரு பிரேம். அதை அசையவைக்க ஒரு பட்டறை நம்மிடம் அமையவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நாம் வேறு வழியில் போனோம். 2014-இல் வந்த ‘கோச்சடையான்’, நடிகரின் அசைவைக் கருவிகளால் பதிந்து கணினி உருவத்துக்கு ஏற்றும் முறையில் எடுத்த படம். முயற்சி துணிச்சலானது. முகங்கள் பொம்மைபோல் இருக்கின்றன என்ற குறை பரவலாக எழுந்தது. அதற்குக் காரணத்தை ஜப்பானிய ரோபோ அறிஞர் மசஹிரோ மோரி 1970-இலேயே எழுதிவைத்திருந்தார். ஓர் உருவம் மனிதனை ஒத்திருக்க ஒத்திருக்க நமக்குப் பிடித்துக்கொண்டே போகும். ஏறக்குறைய மனிதனேதான் என்ற நிலை வந்ததும் சட்டென்று ஒரு பள்ளம், அங்கே சிறு பிசகும் பிணக்களையாகத் தெரியும். கோடுகளால் ஆன முகம் அந்தப் பள்ளத்துக்கு அருகிலேயே போவதில்லை. இரண்டு புள்ளியும் ஒரு வளைவும் போதும், மிச்சத்தைப் பார்ப்பவர் தருகிறார். செலவு மிகுந்த தொழில்நுட்பம் தடுக்கி விழுந்த இடத்தில் பென்சில் தாண்டிவிடும்.

கையோவியப் படங்கள் இனி ஓடாது என்ற முடிவு எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். டிஸ்னி 2009-இல் ‘பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ என்ற கையோவியத் தேவதைக் கதையை வெளியிட்டது. அடுத்த வாரமே ‘அவதார்’ வந்தது. கையோவியப் படத்துக்குச் செலவு 10.5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 27 கோடி. எதிர்பார்த்தது வரவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு கணினியில் உருவான ‘டேங்கில்ட்’ 59 கோடி வசூலித்ததும் வழக்கு தீர்ந்தது என்றார்கள். ஆனால் ‘டேங்கில்ட்’டுக்கு ஆன செலவு 26 கோடி. வகுத்துப் பாருங்கள். இரண்டுமே போட்டதைப் போல இரண்டரை மடங்கை ஒட்டித்தான் எடுத்திருக்கின்றன, கையோவியம் ஒரு பிடி கூடவே. மொத்த வசூலைப் பார்த்தவர்கள் வகுத்துப் பார்க்கவில்லை. 2011-க்குப் பிறகு டிஸ்னி திரையரங்குக்குக் கையோவிய முழுநீளப் படம் எடுப்பதை நிறுத்தியே விட்டது.

அதே காலத்தில் ஜப்பானில் என்ன நடந்தது? ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001-இல் 3,000 கோடி யென் தாண்டி, அந்த நாட்டின் வசூல் சாதனையை ஏறத்தாழ இருபது ஆண்டு தன்னிடம் வைத்திருந்தது. 2020-இல் அதை முறியடித்ததும் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற அனிமே படம்தான். அதன் தொடர்ச்சி 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது, இளைஞர்கள் கூட்டமாகப் போனார்கள். இந்தியாவில் வி. ஜி. சமந்த் 2005-இல் எடுத்த ‘ஹனுமான்’ கையோவிய பாணியிலேயே வசூலில் வென்ற படம். 2025-இல் கணினி அனிமேஷனான ‘மகாவதார் நரசிம்மா’ 300 கோடி ரூபாயைத் தாண்டியது. பார்வையாளர் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தமிழில் செய்ய முடியாத காரியமும் அல்ல இது. முழுநீளப் படம் வேண்டாம், பத்து நிமிடக் கதை ஒன்று போதும். விநாடிக்கு 12 ஓவியம் என்று வைத்தால் 7,200 ஓவியங்கள். வண்ணமும் படப்பிடிப்பும் இப்போது கணினியிலேயே முடிந்துவிடுவதால் செல்லும் வேண்டாம், ஜெராக்ஸும் வேண்டாம், நல்ல கைகள் வேண்டும். தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் கவின்கலைக் கல்லூரிகளிலும் அந்தக் கைகள் இருக்கின்றன. முதல் வாரம் தியேட்டர் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை, ஏனென்றால் 2022 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் திட்டம் நடந்துவருகிறது. ஆண்டுதோறும் புதுக் குழந்தைகள் வந்து சேரும் திரை அது, வசூல் கேட்காத திரை. அதில் ஓட, தமிழ் மலைகளின் கதைகளைத் தமிழ் ஓவியர்கள் வரைந்த படங்கள் வேண்டும். முதல் 7,200 ஓவியங்களுக்கான கூலியைத் தமிழக அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும்.